நிலையைத் தொடாமல் புதுக்கிய வீடு

கண்பார்வை போன பிறகும் எங்கள் ஐயன் தம் வீட்டுக்குள் கோல் ஊன்றியதில்லை. என்னைப் பெற்றவரை நாங்கள் ஐயன் என்றுதான் சொல்லுவோம். சாணி மெழுகிய மண்தரைதான் அவருக்கு வழி சொல்லும். கால் சற்றே இறங்கினால் நெல் குதிர் பக்கம், சொரசொரத்தால் அடுப்படி, சுட்டால் வெயில் விழும் உள்வாசல். "கண்ணு ரண்டு போனா என்ன, கால் வெரலு பத்து இருக்குதில்ல" என்று சிரிப்பார்.

கோயமுத்தூரில் மில்லுகள் வரிசையாக எழும்பிய காலம் அது. அண்ணன் பஞ்சு வியாபாரத்தில் நிமிர்ந்துவிட்டான். அவனோடு தொழில் செய்தவர்களெல்லாம் பழைய வீட்டை இடித்து மாடி எழுப்ப, அவன் மட்டும் இடிக்க மாட்டேன் என்றான்.

"எங்கய்யன் கட்டுன ஊடுங்க. தூணு, கதவு, ஓடு ஒண்ணும் மாறக்கூடாது. தரைய மட்டும் சிமிட்டி போட்டு ஒரே மட்டமாப் பண்ணிப்போடுங்க" என்று மேஸ்திரியிடம் சொன்னான். கேட்டபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பள்ளமான அறைகளைத் தூக்க மண்ணும் ஜல்லியும் கொட்டியதில் தரை ஒரு சாண் ஏறிவிட்டது. "அப்ப தலைவாசல் நிலையையும் பேத்துத் தூக்கி வெச்சரலாமுங்க" என்றார் மேஸ்திரி. அண்ணன் பதறிப்போனான். பூசை போட்டு, மஞ்சள் துணியில் நவதானியம் முடிந்து நட்ட நிலையை எங்கள் பக்கத்தில் பெயர்க்க மாட்டார்கள். பெயர்த்தால் வீட்டுப் பெரியவருக்கு ஆகாது என்பார்கள். "அது எங்கய்யன் உசுருங்க, தொட்டுப்போடாதீங்க" என்றான். வாசற்படியோடு சேர்த்துத் தரை ஏறியது. நிலை நின்ற இடத்திலேயே நின்றது.

வேலை முடியும்வரை ஐயன் சூலூரில் என் வீட்டில், கோல் ஊன்றிக்கொண்டு இருந்தார். புதுக்கிய வீட்டுப் புண்ணியார்ச்சனைக்கு நானே வண்டியில் கூட்டிப் போனேன். இறங்கியதும் என் கையை உதறினார்.

"உடு அம்மணி, என்ற ஊட்டுக்கு எனக்கு வழி தெரியாதா?"

வழக்கம்போலத் தலையைச் சற்றே தாழ்த்தி நுழைந்தார். அந்தத் தாழ்ச்சி போதவில்லை. நெற்றி நிலையின் மேல்சட்டத்தில் மடேரென்று மோதியது.

"மோளமே வேண்டாமுங்க, மாமனே கொட்டிப்போட்டாரு" என்றார் உறவுக்காரர் ஒருவர். கூட்டம் சிரித்தது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே ஐயனும் சிரிக்கப் பார்த்தார்.

உள்ளே நாலடி வைத்ததும் நின்றுவிட்டார். சிமிட்டித் தரை வழுவழுவென்று கிடந்தது. ஒரு காலால் துழாவினார், மறு காலால் துழாவினார்.

"ஏஞ்சாமி, ஆரூட்டுக்குக் கூட்டியாந்து போட்டீங்க?"

"நம்மூடுதானுங்கய்யா. எல்லாம் அப்படியே வெச்சிருக்கறனுங்க" என்றான் அண்ணன். அவன் பொய் சொல்லவில்லை. கண்ணுள்ளவர்களுக்கு எல்லாம் அப்படியேதான் இருந்தது.

அதன்பின் ஐயன் ஆள் துணையில்லாமல் நாற்காலியை விட்டு எழவில்லை. வீடு பார்க்க வருகிறவர்களுக்கு அண்ணன் தூணைக் காட்டுவான், கதவைக் காட்டுவான், "கட்டுனவரு இவருதானுங்க" என்று ஐயனையும் காட்டுவான். எல்லாவற்றையும் துடைத்துப் பளிச்சென்றுதான் வைத்திருந்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நான் கூட்டிட்டுப் போறனுங்கண்ணா. எங்கூட்டுல மண்தரைதானுங்க, பழகிக்குவாரு" என்றேன்.

அண்ணன் வாய் திறக்கும் முன்னே அண்ணி சொன்னாள்: "வேலை நடக்கையில உங்கூட்டுல இருந்தது விருந்துங்க அம்மணி. ஆம்பளப் பையன் இருக்கையில மக ஊட்டுச் சோத்துல குடியிருந்தா ஊரு காறித் துப்பாதா?"

நான் ஐயன் முகத்தைப் பார்த்தேன். "அவ சொல்றது வாஸ்தவந்தான் கண்ணு" என்றார்.

வண்டி ஏறப் போகையில் கூப்பிட்டார்.

"அம்மணி, என்னய எந்தத் தெசை பாத்து உக்கார வெச்சிருக்கறாங்க?"

"கெழக்குங்கய்யா."

"அப்ப அடுப்படி சோத்தாங்கைப் பக்கம்" என்றார். அந்தப் பக்கமாகக் கையை நீட்டினார். எழுந்திருக்கவில்லை.