வாங்க என்று ஒரு வார்த்தை

பத்தாம் வகுப்பு வரை படித்தவன் இப்படி எழுத உட்காருவது கொஞ்சம் அதிகம்தான். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னால் முன்னுரையும் முடிவுரையும் எழுதிவிட்டு, நடுவில் என்ன எழுதுவதென்று தெரியாமல் மணியடிக்கும் வரை உட்கார்ந்திருப்பேன். பேச்சும் எனக்கு வராது. நாலு பேர் இருக்கும் இடத்தில் என் குரல் என் சட்டைப் பையைத் தாண்டாது. இருந்தாலும், தஞ்சாவூருக்குப் போய் வந்த அந்த ஒரு நாளை என் வீட்டில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். நடந்ததை நடந்தபடி எழுதலாம் என்று துணிந்துவிட்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூரில் இருப்பவர் என் மனைவியின் அண்ணன். எனக்கு மச்சான். மாமனாரும் மாமியாரும் காலமான பிறகு, என் மனைவிக்குப் பிறந்த வீடு என்றால் அந்த வீடு ஒன்றுதான். எங்கள் ஊரிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடலாம். ஒரு காலத்தில் நினைத்தால் போவோம். நாங்கள் புது வீட்டுக்குக் குடிபோன அன்றோடு அது நின்றுபோனது.

அன்றைக்கு மச்சான் தட்டு வரிசையோடு வந்து இறங்கினார். நான் வாசலில் நின்று "வாங்க மச்சான்" என்றேன். சத்தியமாகச் சொன்னேன். ஆனால் என் தலைக்கு மேலே கட்டியிருந்த ரேடியோ செட்டுக் குழாய் அந்த நேரம் பார்த்து அலறிக்கொண்டிருந்தது. மனைவி உள்ளே ஹோமப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். மச்சான் வந்தார், சாப்பிட்டார், கை கழுவினார், கிளம்பிவிட்டார். "சோறு போட்டாங்க. வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல" என்று சொந்தக்காரர்களிடம் சொன்னதாகப் பிறகு தெரிந்தது. எங்கள் பக்கம் இதற்கு மேல் ஒரு குற்றம் கிடையாது. சாம்பாரில் உப்பில்லை என்றால்கூட மன்னித்துவிடுவார்கள். அடுத்த பொங்கலுக்குச் சீர் கொண்டுவந்தது மச்சான் இல்லை, அவர் மனைவி மட்டும்தான்.

"ஒரு நாள் வாங்க. உங்க அண்ணன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்று அந்த அண்ணி என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். அதை நம்பி மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். நான், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள். என் தோளில் புது அரிசிப் பை. மகள் கையில் இரண்டு சீப்பு பூவன் பழம்.

"நானா வலிய வர்றேன். வாசல்ல வாங்கன்னு சொல்லாட்டி அடுத்த பஸ்ஸுல திரும்பிடுவேன்" என்றாள் மனைவி. "என்னையச் சொல்லாட்டிப் போவுது. உங்களைச் சொல்லணுமா இல்லையா?"

"எனக்கு ஒண்ணுமில்ல" என்றேன்.

"உங்களுக்கு என்னைக்குத்தான் ஒண்ணு இருந்துச்சு?"

இப்படிப் பேசியவள் தலையில் வைத்த பூவை பஸ்ஸிலேயே பல தடவை சரிசெய்துகொண்டாள். இன்றைக்குத் திரும்பிவிட்டால், அப்புறம் போவதற்கு அவளுக்கு ஒரு வீடு இருக்காது. அது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

மெடிக்கல் காலேஜ் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் நாலாவது தெரு. மச்சான் வாசல் முகப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. கை மட்டும் மெல்ல உயர்ந்து கன்னத்தில் போய் நின்றது.

"பாத்தீங்களா!" என்று மனைவி கேட்டிலேயே நின்றுவிட்டாள். "நம்மளைப் பாத்ததும் கன்னத்துல கைய வச்சிட்டாரு. கப்பலா கவுந்துபோச்சு?"

மச்சான் எழுந்து உள்ளே வரும்படி கையை ஆட்டினார்.

"கைய ஆட்டுறதப் பாரு, மாட்டை ஓட்டுற மாதிரி."

"ஓட்டலம்மா, கூப்புடுறாரு" என்றாள் மகள்.

"வாயில கொழுக்கட்டையா இருக்கு? சொல்ல வேண்டியதுதான?"

எதிர் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் துணியை விட்டுவிட்டு எங்களைப் பார்க்க ஆரம்பித்தார். என் தோளில் அரிசிப் பை கனத்தது. மச்சான் படியிறங்கி எங்களை நோக்கி வந்தார். ஒருவர் எதிரே வந்தால் என்ன சொல்வது வழக்கம்? யாராவது அந்த வார்த்தையைச் சொல்லித் தொலைத்தால் போதும் என்று இருந்தது எனக்கு. நான் சொல்லிவிட்டேன்.

"வாங்க மச்சான்!"

ரேடியோ செட்டு இல்லாத தெரு. என் குரல் கடைசி வீடு வரை போனது.

மச்சான் நின்றார். தன் வீட்டுக் கேட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பில் தோள் குலுங்கியது. அடுத்த நொடி இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வர முனகினார்.

அந்த நேரத்தில் அண்ணி மருந்துக் கடையிலிருந்து வேகமாக வந்தார். "வாங்க, வாங்க! ஏம்மா தெருவுல நிக்கிறீங்க? உங்க அண்ணனுக்குக் கடவாப்பல்லு புடுங்கிருக்கு. பஞ்சைக் கடிச்சுக்கிட்டு இருக்காரு. பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு."

மனைவி லேசில் நம்புகிற ஆள் இல்லை. "நெசமாவா? வாயத் தொறக்கச் சொல்லுங்க."

மச்சான் தெருவில் நின்றபடியே வாயைத் திறந்து காட்டினார். பஞ்சு தெரிந்தது. திறந்த வாயை மூடுமுன் டாக்டர் சொன்னதை மீறி ஏதோ சொன்னார். உதடு இன்னும் பாதி மரத்துப்போயிருந்ததால் "ஆங்க மாஹ்ளே, ஆம்மா" என்று வந்தது.

"என்ன சொன்னாரு?"

"சொல்லிட்டாரும்மா" என்றாள் மகள். "எழுத்துதான் கொஞ்சம் கொறையுது."

மனைவி கொஞ்ச நேரம் அண்ணனையே பார்த்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பல்லு புடுங்கப் போறேன்னு ஒரு வார்த்தை எனக்குச் சொல்லக் கூடாதா? நான் என்ன யாரோவா?" என்று அவரைத் திட்டிக்கொண்டே படியேறினாள். அதற்குப் பிறகு அவளை யாராலும் நிறுத்த முடியவில்லை. அடுப்படி வரை திட்டிக்கொண்டே போய், அங்கே அண்ணனுக்குக் கஞ்சி காய்ச்ச ஆரம்பித்தாள்.

எங்களுக்கு இலை போட்டு வஞ்சிர மீன் குழம்பு. மச்சான் எதிரே உட்கார்ந்து ஆறின கஞ்சியைக் கரண்டியால் குடித்தபடி என் இலையையே பார்த்தார். சாயங்காலம் வாய் மரப்பு கொஞ்சம் விட்டதும் அவர் முழுதாகப் பேசிய முதல் பேச்சு எதிர் வீட்டு அம்மாளிடம்தான்: "பாத்தீங்களா எங்க மாப்பிள்ளைய? என் வீட்டுக்கு என்னையே வாங்கன்னு கூப்புட்டாரு!"

ராத்திரி பஸ்ஸில் ஊர் திரும்பினோம். மறுநாள் வலி குறைந்துவிட்டது என்று அண்ணி போன் செய்தார். நாங்கள் எங்கள் உளுந்து வயலைப் பார்க்கப் போனோம்.