வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒரு பெரணி

சிட்லபாக்கத்தில் எங்கள் வீடு முதல் மாடி. சமையலறைக்குப் பின்னால், வாஷிங் மெஷின் நிற்கும் இடத்தில் வெயிலே படாது. ஒரு மழைக்காலத்தில் மெஷினுக்குப் பின்பக்கச் சுவரில் ஒரு பெரணி முளைத்தது. கம்பிபோல மெல்லிய கருந்தண்டு. இரு பக்கமும் நகம் அளவுக்கு அரைவட்ட இலைகள். தொட்டியில் நான் வைத்த எந்தச் செடியும் மூன்று மாதம் தாண்டியதில்லை. இது தானாக வந்து தழைத்தது.

பெயர் தெரியாமல், செடி வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டேன். எப்படி வளர்த்தீர்கள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். "நிழல்ல வெச்சு தினமும் ஸ்பிரே பண்றேன்" என்று எழுதினேன். ஒரு நாள்கூட நான் தண்ணீர் தெளித்ததில்லை.

குழுவில் கீழ்க்கட்டளைப் பெண்மணி ஒருவர், பெரணிகளை மட்டுமே வளர்ப்பவர். இலை நுனியைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். நுனி வால்போல நீண்டு, சுவரைத் தொட்ட இடத்தில் வேர்விட்டு, அங்கே ஒரு குட்டிச் செடி வந்திருந்தது. பார்த்ததும் போன் செய்தார்.

"இது வாக்கிங் மெய்டன்ஹேர்ங்க. நுனியால நடந்து நடந்து பரவும். மழை போனா காஞ்சிடணும். மார்ச்லயும் இவ்ளோ பச்சையா இருக்குன்னா சுவத்துக்குள்ள தண்ணி போகுது. பைப்பைப் பாருங்க."

மெஷினை நகர்த்திப் பார்த்தேன். குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் கசிவு. அதற்கு நேர் கீழே, கீழ்வீட்டுப் படுக்கையறை.

அங்கே வாடகைக்கு இருந்த பெண் பொத்தேரியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். ஒரு மாதம் முன்பே வந்து கேட்டிருந்தாள். "அக்கா, பெட்ரூம் சுவர் ஊறிட்டே இருக்கு. உங்க வீட்ல லீக் ஏதாவது இருக்கா?"

"இல்லையேம்மா. ஏரி பக்கம்ல, அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் நான் கீழே போகவில்லை. சொன்னால் கசிவைச் சரிசெய்ய ஆள் வந்து சுவரை உடைப்பார், செடி போய்விடும். மெஷினைப் பழைய இடத்துக்கே தள்ளி வைத்தேன்.

ஏப்ரலில் படிக்கட்டில் பார்த்தபோது சொன்னாள்: "நாங்க துணியை உள்ள காயப்போடறதாலதான் சுவர் ஊறுதுன்னு ஓனர் திட்டறாருக்கா."

"ஜன்னலைத் தொறந்து வைம்மா" என்றேன். அன்று மாலையே குழுவில் புதுத் துளிரின் படம் போட்டேன்.

ஜூனில் ஒரு காலை, மொட்டைமாடியில் அவள் இரண்டு பட்டுப்புடவைகளை விரித்து ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜரிகை வரைக்கும் பூஞ்சைப் புள்ளிகள். "பீரோ அந்தச் சுவர் ஓரந்தான்க்கா" என்றாள். அழவில்லை. எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை.

மறுநாளே பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் சுவரை உடைத்தபோது பெரணி காரையோடு பெயர்ந்து விழுந்தது. அதை அள்ளிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுக் கீழே போனேன். அவர்கள் படுக்கை, ஈரச் சுவரை விட்டுக் கூடத்துக்கு வந்திருந்தது.

"எங்க வீட்டு பைப்புதான்மா. சரி பண்ணியாச்சு."

அவள் கேட்டாள்: "எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?"

"நேத்துதான்" என்றேன்.

"பரவால்லக்கா. முன்னாடியே தெரிஞ்சிருந்தா விட்டிருப்பீங்களா" என்று எனக்கு உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டாள். நானும் உட்கார்ந்தேன்.