இரண்டு முறை இறங்கிய கியர் பாக்ஸ்

சென்ற ஆண்டு மயிலாப்பூரில் எங்கள் பெண்ணின் கல்யாணம். முந்தின நாள் மாலை ஜானவாசம். பூ ஜோடித்த வாடகைக் கார் வேண்டாம், அப்பாவின் பழைய திறந்த காரில்தான் மாப்பிள்ளையை அழைத்து வர வேண்டும் என்று பெண் ஒரே பிடிவாதம். அவள் கேட்டதே அது ஒன்றுதான். இவரும் பெருமையாகத் தலையை ஆட்டிவிட்டார். அந்தக் காரோ, கிளட்சை மிதித்தாலே தெரு திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தது.

கிளட்ச் பேரிங் போய்விட்டதாம். உள்ளங்கையளவு சாமானை மாற்ற, கியர் பாக்ஸ் முழுவதையும் இறக்க வேண்டுமாம். ஜானவாசத்துக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, வீடு நிறைய விருந்தாளிகளோடு நான் அல்லாட, இவர் அழுக்கு வேட்டியோடு காருக்கு அடியில் கிடந்தார். கூடவே அவருடைய பள்ளித் தோழர். ராயப்பேட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். எங்களுக்கெல்லாம் அவர் பாய்.

பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் கியர் பாக்ஸை ஏற்றிவிட வேண்டும் என்று இவர் பாயை விரட்டு விரட்டென்று விரட்டினார். ஒருவழியாக ஏற்றி, எல்லாவற்றையும் முடுக்கி, மத்தியானம் மிதித்துப் பார்த்தால் பெடல் தொளதொளவென்று உள்ளே போகிறது. கியரே விழவில்லை. எனக்கு வந்ததே கோபம். சம்பந்தி வீட்டார் முன்னால் மானம் போகப் போகிறதே என்ற பயத்தில், உறவுக்காரர்கள் எதிரிலேயே பாயை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன்.  அவர் மறுபடி காருக்கு அடியில் போய்விட்டார்.

சாயங்காலம் விளக்கேற்றப் போனால், சுவாமி படத்தடியில் சந்தனம் குங்குமத்தோடு புது பேரிங் உட்கார்ந்திருக்கிறது. எந்தப் புதுச் சாமானையும் முதலில் சுவாமியிடம் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். காலையில் இவர்தான் வைத்திருக்கிறார். பேரிங் மாட்டியாச்சா என்று பாய் கேட்டதற்கு, ராகு காலப் பதற்றத்தில் ‘ம்’ வேறு கொட்டியிருக்கிறார்.

அதை எடுத்துப்போய் இவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"இத ஸ்வாமிகிட்ட வெச்சுண்டு, கார எப்படின்னா ஓட்டுவேள்?"

 அடுத்த வார்த்தைக்கு நான் வாயைத் திறப்பதற்குள் பாய் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.

"ராகு காலந்தான் முடிஞ்சி பூட்ச்சே அண்ணி. இனிமே நிதானமா மாட்டிக்கலாம்."

கைக்குட்டையால் குங்குமத்தைத் துடைத்துவிட்டு, முடித்த வேலை அத்தனையையும் முதலிலிருந்து பிரிக்க ஆரம்பித்தார். இவரும் காருக்கு அடியில் அவர் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலைவரை இழுத்தது அந்த வேலை.

ஜானவாசத்தில் கார் சத்தமே இல்லாமல் நகர்ந்தது. ஊரே மாப்பிள்ளையைப் பார்க்க, பெண் வாசலில் நின்று அப்பாவைப் பார்த்து அழுதாள். நான் பாயைத் தேடிப் போய், நேற்று பேசியதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றேன். சாப்பாடு ரெடியா என்று கேட்டார், அவ்வளவுதான்.

இன்றும் வீட்டில் ஏதாவது தப்பு நடந்தால், "யார் பண்ணினது?" என்பதுதான் எனக்கு முதலில் வாயில் வருகிறது. அந்த மனிதர் அதைக் கேட்கவே இல்லையே என்ற நினைப்பு வந்து, சில நாளாவது பாதியில் வாயை மூடிக்கொள்கிறேன்.