முப்பதாவது படகு

மதிவதனாவுக்கு எதிலும் லேசில் நம்பிக்கை வராது. அடுப்பை அணைத்துவிட்டுப் வாசல் படலை வரைக்கும் வந்தவள், திரும்பிப் போய் அதைத் தொட்டுப் பார்ப்பாள். இப்படிப்பட்டவளைக் கட்டிக்கொண்ட தர்மிகனின் பாடு சொல்லி மாளாது.

சல்லிக் கிராமத்து மீனவர் சங்கத்தில் அவளுக்கு வேலை. கடல் கொந்தளிக்கப் போகிறது என்று அறிவித்தல் வந்தால், தொழிலுக்குப் போன படகுகளுக்குக் கைபேசியில் தகவல் அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றாக அனுப்பி அலுத்துப்போய், தானே ஒரு கணினி நிரல் எழுதினாள். பள்ளிக்கூடத்தில் பாஸ்கல் என்ற பழைய கணினி மொழி படித்தவள். புது மொழியான பைதனை வீடியோ பார்த்துப் பழகி, அதில்தான் எழுதினாள். ஒன்றிலிருந்து முப்பது வரை சுற்றிச் சுற்றி அனுப்பு, அவ்வளவுதான் நிரல். முப்பதாவது தர்மிகனின் படகு. விருந்து வைத்தால் வீட்டுக்காரர் கடைசிப் பந்தியில்தானே இருப்பார்கள்? புருசனை முன்னுக்குப் போட்டால் ஊர்வாய் சும்மா இருக்குமா?

வாடைக்காற்று தொடங்கியது. முதல் தகவல் போனதும் படகுகள் கரைக்கு வந்தன. தர்மிகன் மட்டும் காற்றில் அடிபட்டு, நனைந்து நடுங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"எனக்கொண்டும் வரேல்ல" என்றான்.

"எல்லாருக்கும் போனது உங்களுக்கு மட்டும் எப்பிடி வராமப் போகும்?"

கைபேசியைப் பறித்துப் பார்த்தாள். தகவல் இல்லை. அழித்துவிட்டான் என்று முடிவுகட்டினாள். மற்றவர்கள் திரும்பினால் மீன் முழுவதும் தனக்கு என்று துணிந்து நின்றிருக்கிறான்! அடுத்த தடவையும் அதே கதை. அன்றைக்கு வள்ளம் கவிழப் பார்த்ததாம். அவளுக்கு நெஞ்சு பதறியது. பதறினால் அவளுக்குச் சந்தேகம்தான் கூடும்.

"பொய் சொல்லாதையுங்கோ!"

தர்மிகன் மகளைக் கூப்பிட்டு, அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினான். அதையும் மதிவதனா நம்பவில்லை. பிள்ளையை வைத்தே பொய்ச் சத்தியம் பண்ணுகிறானே என்று இன்னும் கொதித்தாள். அன்றிலிருந்து சோறு போட்டாள், கதைக்கவில்லை. ஊரில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள், தன் கைவேலையை மட்டும் ஒருநாளும் சந்தேகப்படவில்லை.

பிறகு நிலாவெளிப் பக்கத்து ஜெமீல் சங்கத்தில் சேர்ந்தார். அவருடைய படகை முப்பத்தொன்றாவதாகப் போட்டு, நிரலிலும் முப்பதை முப்பத்தொன்றாக மாற்றினாள். அடுத்த அறிவித்தலுக்குத் தர்மிகன் எல்லாருக்கும் முன்னால் கரையில் நின்றான்.

"இண்டைக்கு வந்தது" என்று கைபேசியை நீட்டினான்.

'ஆள் வழிக்கு வந்திட்டார்' என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஜெமீல் வீட்டுக்கே வந்தார். நெற்றியில் கட்டு.

"தங்கச்சி, எனக்குத் தகவல் வரல்ல. அலை தூக்கி அடிச்சிட்டு. அல்லாஹ்தான் காப்பாத்தினான்."

"ஐயோ ஜெமீல் நானா, இருங்கோ" என்று பதறிப்போய்க் கணினியைத் திறந்தாள். அனுப்பிய எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசியில் நின்றது தர்மிகனின் எண். ஜெமீலின் எண் இல்லவே இல்லை.

பாஸ்கலில் ஒன்றிலிருந்து முப்பது வரை என்றால் முப்பதும் சேர்த்தி. பைதனில் அப்படியில்லை, முப்பது என்று எழுதினால் இருபத்தொன்பதோடு நின்றுவிடும். கடைசிப் படகு எதுவோ, அது எப்போதும் வெளியே. இத்தனை நாளும் அந்தக் கடைசிப் படகு தர்மிகனுடையது.

"என்ரை பிழைதான் நானா" என்று ஜெமீலிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். வாசலில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த தர்மிகன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் சொன்னது உண்மைதான்" என்று அவனருகில் போய் நின்றாள்.

"ஓம், அது எனக்கு எப்பவோ தெரியும்." அவன் தலை நிமிரவில்லை. "ஜெமீல் ஒருக்காச் சொன்ன உடன கணினியைத் திறந்தனி. நான் பிள்ளையின்ரை தலையில கை வைச்ச அண்டைக்கு ஏன் திறக்கேல்ல?"

மதிவதனாவுக்கு அழுகை வந்தது. அவன் வலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனான்.