கணக்கு டீச்சர் இருக்கிற பள்ளி

ஆம்பூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் அரசுப் பள்ளிதான். இடது பக்கம் நடந்தால் மகள் படித்த பள்ளி. வலது பக்கம் ரயில்வே கேட்டைத் தாண்டினால் இன்னொன்று. அதே புத்தகம், அதே சீருடை, அதே சத்துணவு முட்டை. ஆனால் ரிசல்ட் வந்தால் அங்கே வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டுவார்கள், இங்கே கேட்டைச் சாத்திக்கொள்வார்கள்.

காரணம் ஊருக்கே தெரியும். அங்கே கணக்கு டீச்சர் இருக்கிறார். இங்கே கணக்கு வாத்தியார் ரிடையர் ஆனதும் வேறு ஆளே போடவில்லை. கணக்கு பீரியடில் தமிழ் டீச்சர் வந்து பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வார். மகளுக்குக் கணக்கு சுத்தமாக ஏறவில்லை. எப்படியோ பத்தாவதுக்குத் தள்ளிவிட்டார்கள். ஷூ கம்பெனி ஸ்டிச்சிங் லைனில் நான் முதுகொடிந்தது போதும், அவளும் வந்து பக்கத்து மெஷினில் உட்காரக் கூடாது. எனக்கு இருந்த வெறி அது ஒன்றுதான்.

அவளை அந்தப் பள்ளிக்கு மாற்ற, லீவு போட்டுவிட்டு டிசி கேட்கப் போனேன். நாயாக அலையவிடுவார்கள் என்று பார்த்தால், தலைமையாசிரியர் டீ ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். தங்கமான மனுஷன் என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியின் தலைமையாசிரியை மகளின் மார்க்கைப் பார்த்தார். ஒருத்தி ஃபெயிலானாலும் சதவீதம் இறங்கிவிடும், எந்தப் பள்ளி மேலே, எந்தப் பள்ளி கீழே என்று மீட்டிங்கில் நிற்க வைத்துக் கேட்பார்கள் என்றார்.

"கணக்கு வர்ற பொண்ணா இருந்தா சேத்துக்கலாம்மா."

"கணக்கு வந்தா நான் இன்னாத்துக்கு மேடம் இங்க வர்றேன்?"

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மதியமே பழைய பள்ளிக்கு ஓடினேன். தங்கமான மனுஷன் டிசியைத் தொடக்கூட இல்லை. கொடுத்தது கொடுத்ததுதான், இந்த வருஷமாவது எங்கள் பள்ளி தலை நிமிர வேண்டாமா என்றார். அவ்வளவு சீக்கிரம் ஏன் கொடுத்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. அழுதேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன், காலில் விழாத குறைதான். திருப்பத்தூர் கலெக்டர் ஆபீசுக்கே போவேன் என்றேன். தாராளமாகப் போங்கம்மா என்றார். இன்னொரு லீவு கேட்டால் வேலையே போய்விடும் என்பது அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலை கம்பெனி வேன் வந்து நின்றது. மகள் சீருடை போட்டு, பையை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எம்மா, நான் எந்தப் பக்கம் போறது?"

சீக்கிரம் ஏறச் சொல்லி வேனிலிருந்து கத்தினார்கள். நான் இடது பக்கம் பார்த்தேன், வலது பக்கம் பார்த்தேன். எங்களுக்கு முன்னால் திறந்திருந்தது அந்த வேன் கதவு ஒன்றுதான்.