கமராவில் பதிந்த ஏச்சு

அமெரிக்காவிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் மனைவியின் தம்பி, திரும்பிப் போகும் அன்று எனக்கொரு பரிசு தந்தான். சோப்புப் பெட்டி அளவில் கறுப்பாக ஒரு கருவி. கார்க் கண்ணாடியில் ஒட்டிவிட்டால், முன்னால் எங்காவது பொலிஸ் ரேடார் இருக்கும்போது கீச்சிடுமாம்.

“அத்தான், இது இருந்தால் நீங்கள் ஒருநாளும் டிக்கெட் வாங்கமாட்டியள்.”

நாங்கள் இருக்கும் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அதைக் காரில் வைத்திருப்பதே குற்றம். அவனுக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு நாள் ஒட்டிக்கொண்டு ஓடினேன். ரேடாரைக் கண்டு கத்தியதோ இல்லையோ, தானாகத் திறக்கும் கதவுள்ள மருந்துக்கடை ஒவ்வொன்றையும் கண்டு கத்தியது. மூன்றாம் நாள் கழற்றி, காரின் முன் இருக்கைக்கு எதிரே பத்திரங்கள் வைக்கும் லாச்சிக்குள் போட்டுவிட்டு மறந்துபோனேன்.

என் வேலையே ஓட்டுவதுதான். நடக்க முடியாத நோயாளிகளை வீடுகளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் மினிபஸ். பதினேழு வருடமாக மொன்ட்ரியாலில் கோட்-டெ-நெய்ஜ் பகுதிக்கும் வடக்கே இருக்கும் தொடர்மாடிகளுக்கும் இடையில் ஓடுகிறேன். வருடத்துக்கு ஒருதரம் முதலாளி எங்கள் ஓட்டுநர் பதிவை எடுத்துப் பார்ப்பார். அதில் ஒரு கறுப்புப் புள்ளியும் இல்லாததில் எனக்கு உள்ளூரப் பெருமை உண்டு.

கருவி விஷயம் மனைவிக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் எங்கள் காரின் முன்கண்ணாடியில் சின்னக் கமரா ஒன்று ஒட்டியிருந்தது. ஓடும் பாதையையும் ஓடும் வேகத்தையும் பதியும் கமரா.

“இது ஏன்?” என்று கேட்டேன்.

“ஆராவது இடிச்சுப்போட்டு நீங்கள்தான் பிழை எண்டு சொன்னால் காட்டலாம். என்ரை காசிலைதான் வாங்கினனான், பேசாமல் இருங்கோ” என்றாள்.

அந்த ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மொன்ட்ரியால்-நோரில் அகலமான ஒரு வீதியால் மாதா கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். எங்கள் தமிழ்ப் பங்கின் பாடகர் குழுவில் அவள்தான் கீபோர்ட் வாசிக்கிறவள். பூசை தொடங்குமுன் அவள் அங்கே இருந்தாக வேண்டும். அன்று என்னால்தான் பிந்தியது. சப்பாத்தைத் தேடிக்கொண்டு நின்றுவிட்டேன்.

வழியில் பொலிஸ் கார் பின்னால் வந்து விளக்கைப் போட்டது. ஓரமாக நிறுத்தினேன். இளம் பொலிஸ்காரர், மரியாதையாகத்தான் பேசினார். ஐம்பதில் போகவேண்டிய இடத்தில் எழுபத்தெட்டில் போனேனாம். நான் இல்லையென்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வாகனப் பத்திரங்களைக் கேட்டார்.

பத்திரங்கள் முன் லாச்சிக்குள் இருந்தன. கையை நீட்டிய பிறகுதான் அதற்குள் வேறு என்ன கிடக்கிறது என்ற ஞாபகம் வந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. வேகத்துக்கு ஒரு டிக்கெட், கருவிக்கு ஒன்று, பதினேழு வருடப் பெயர் எல்லாம் ஒரே காலையில் போகப்போகிறது. மனைவி என்னை ஒருதரம் பார்த்தாள். தானே லாச்சியைத் திறந்தாள். உள்ளே பத்திர உறையும், ஒரு செபமாலையும், இனிப்புப் பொட்டலம் ஒன்றும் மட்டும்தான் இருந்தன.

பொலிஸ்காரர் டிக்கெட்டை எழுதித் தந்துவிட்டுப் போனபின் மெல்லக் கேட்டேன்.

“அது எங்கை?”

“எது? உங்கடை மச்சான் தந்த கீச்சுப்பெட்டியோ? பழைய ரேடியோவோடை சேர்த்துக் கழிவு நிலையத்திலை குடுத்திட்டன். போன மாசமே.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “பூசை தொடங்கியிருக்கும், காரை எடுங்கோ” என்றாள்.

பின்னேரம் கமராவின் அட்டையைக் கழற்றி வீட்டுக் கணினியில் போட்டுப் பார்த்தோம். அந்தக் கணினியில் ஒலிபெருக்கி எப்போதோ பழுதாகிவிட்டது, படம் மட்டும்தான் தெரியும். திரையின் கீழ்மூலையில் என் வேகம் நாற்பத்தாறு என்றிருந்தது. கொஞ்சம் பொறுத்து ஏறி ஐம்பத்துநாலு ஆனது. அடுத்த நொடியில் இடப்பக்கத்தால் ஒரு சாம்பல் நிறக் கார் எங்களை விர்ரென்று தாண்டி, அடுத்த சந்தியில் திரும்பி மறைந்தது. எங்கள் காரும் சாம்பல் நிறம். பிறகுதான் பொலிஸ் விளக்கு.

“ஐம்பத்துநாலு காட்டுதே. அந்தத் துண்டை வெட்டினால் என்ன?” என்று கேட்டேன்.

“வெட்டினால், என்னத்தை வெட்டினனீங்கள் எண்டுதான் கேப்பினம். உள்ளதை உள்ளபடி கொண்டுபோங்கோ.”

குற்றவாளி இல்லை என்று எழுதி, மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்டு அனுப்பினேன். என் பிரெஞ்சு நோயாளிகளோடு பேசப் போதும். நீதிபதியோடு பேசப் போதாது.

ஒரு வருடத்துக்குப் பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வழக்கு வந்தது. இருவரும் லீவு போட்டுவிட்டு மெட்ரோவில் போனோம். நீதிபதி நரைத்த தலையோடு ஒரு பெண்மணி. மொழிபெயர்ப்பாளர் சென்னைக்காரி, மகள் வயது இருக்கும். பொலிஸ்காரர் தன் குறிப்பைப் படித்தார்: சாம்பல் நிறக் கார், எழுபத்தெட்டு. பிறகு நான் கொண்டுபோன படத்தைப் பெரிய திரையில் போட்டார்கள்.

படத்தோடு சத்தமும் வந்தது. மண்டபம் முழுக்க என் மனைவியின் குரல்.

“இஞ்சேருங்கோ, இப்பிடி உருட்டிக்கொண்டு போனால் பூசை முடியத்தான் போய்ச் சேருவம்.”

பின்வரிசையில் இருந்தவள் கைப்பையால் முகத்தை மூடிக்கொண்டாள். நீதிபதி படத்தை நிறுத்தச் சொல்லி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். அந்தப் பிள்ளை தயங்கியது. நீதிபதியிடம் அனுமதி கேட்டுவிட்டு என்னிடம் குனிந்தது.

“சார், உருட்டுறதுன்னா... எங்க ஊர்ல பொய் சொல்றதுன்னு அர்த்தம். நீங்க பொய் சொல்றீங்கன்னா சொல்றாங்க?”

“ஐயோ இல்லைப் பிள்ளை. மெதுவா ஓட்டுறன் எண்டு ஏசுறா.”

மொழிபெயர்ப்பாளர் அதைப் பிரெஞ்சில் சொன்னாள். அரசுத் தரப்பு வழக்கறிஞர் சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டார். படம் தொடர்ந்தது.

“ஐம்பதுதான் எண்டு போட்டிருக்கு” என்று திரையில் என் குரல்.

“ஐம்பதிலை போறியளே? நாப்பத்தாறிலை போறியள். இது உங்கடை மினிபஸ் இல்லை. பின்னாலை ஒரு நோயாளியும் இல்லை, பக்கத்திலை நான்தான் இருக்கிறன்.”

ஒவ்வொரு வசனமும் பிரெஞ்சாக மாறி நீதிபதியிடம் போனது. பிறகு மனைவி ஒரு பாட்டை முணுமுணுத்தாள். நடுவில் நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

“அங்கை பாருங்கோ, எல்லாரும் உங்களைத் தாண்டிப் போகினம்!”

அந்த நொடியில்தான் சாம்பல் நிறக் கார் தாண்டியது. நீதிபதி அந்த இடத்தை மூன்று தடவை போட்டுப் பார்த்தார். பிறகு என்னை நேராகப் பார்த்தார்.

“நீங்களும் ஐம்பத்துநாலில் போயிருக்கிறீர்கள்.”

“ஓம் மதாம். அது என் பிழை” என்று நானே பிரெஞ்சில் சொன்னேன்.

“அந்தப் பகுதியை ஏன் வெட்டாமல் கொண்டுவந்தீர்கள்?”

“மனைவி வெட்டவேண்டாம் என்றாள்.”

மண்டபத்தில் எல்லோரும் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார்கள். கைப்பை இன்னும் அவள் முகத்துக்கு முன்னால்தான் இருந்தது.

நீதிபதி பொலிஸ்காரரிடம், ரேடார் பிடித்தது முன்னால் போன காராக இருக்கலாமா என்று கேட்டார். அவர் கொஞ்சம் யோசித்தார். “இருக்க முடியாது என்று என்னால் சொல்ல முடியாது” என்றார். நேர்மையான மனிதர். அத்தோடு வழக்கு முடிந்தது. சந்தேகம் இருப்பதால் விடுவிப்பதாக நீதிபதி சொன்னார். “ஐம்பது என்றால் ஐம்பதுதான், மிஸ்யூ” என்று ஒரு வார்த்தையும் சேர்த்தார். சரி என்று தலையாட்டினேன். இன்றும் அந்த வீதியில் ஐம்பதைத் தாண்டுவதில்லை.

வெளித் தாழ்வாரத்தில் மொழிபெயர்ப்பாளர் பிள்ளை ஓடிவந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டது. “ஆன்ட்டி, எங்க அம்மாவும் அப்பாவைக் கார்ல இப்படித்தான் திட்டுவாங்க. சிரிப்பை அடக்கிட்டு மொழிபெயர்க்கிறதுக்குள்ள உயிர் போயிடுச்சு” என்றது. மனைவி வெட்கத்தில் சிவந்துபோய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

வெளியே வந்தபோது பதினொரு மணிகூட ஆகவில்லை. நாள் முழுதும் லீவு. பிள்ளைகள் படித்து முடித்துத் தனித்தனியே போன பிறகும், ஒரு வேலை நாளில் நாங்கள் இருவரும் ஒன்றாகச் சும்மா இருந்ததில்லை. அவளுக்கு ஒரு வேலை நேரம், எனக்கு ஒன்று. பழைய துறைமுகப் பக்கம் நடந்தோம். டெபனர் என்று இங்கே சொல்லும் ஒரு மூலைக்கடையில் இரண்டு கோப்பியும் வெண்ணெய் பூசிய பாணும் வாங்கி, ஆற்றைப் பார்த்தபடி கிடந்த ஒரு மர வாங்கில் இருந்தோம். நீளமான சரக்குக் கப்பல் ஒன்று மெல்ல நகர்ந்து போனது. வெயில் இதமாக இருந்தது. அவள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கால்களை நீட்டி, என் தோளில் சாய்ந்தாள். “ஒரு அஞ்சு நிமிசம்” என்றாள்.

ஒரு மணித்தியாலம் நித்திரை கொண்டாள். நான் அசையவில்லை.