சொந்த பூத்தில் விழுந்த ஒரு ஓட்டு

எங்கள் தொகுதி எம்.பி. எனக்கு மச்சான், என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். மாநிலக் கட்சி ஒன்றின் சார்பில் இதுவரை ஐந்து தடவை நின்றிருக்கிறார். ஜெயித்தது மூன்று, தோற்றது இரண்டு. இதை எங்கள் ஊர் டீக்கடையில் சின்னப் பயல்கூட ஒப்பிப்பான். முதல் நான்கு தேர்தலில் அவரோடு நானும் நின்றேன் என்பதை மட்டும் அந்தக் கணக்கில் ஒருத்தனும் சேர்த்துச் சொன்னதில்லை.

நான் டம்மி. விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய கட்சி வேட்பாளர் நிற்கும்போது, நம்பிக்கையான ஆள் ஒருவனைச் சுயேச்சையாகவும் நிறுத்தி வைப்பார்கள். பூத்திலும், ஓட்டு எண்ணும் இடத்திலும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஏஜென்ட் உட்காரலாம் அல்லவா? என் பெயரில் உட்காருகிற ஆளும் மச்சானுக்காகத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். டம்மிக்கு இரண்டே விதிகள். ஓட்டுக் கேட்கக் கூடாது, ஓட்டு வாங்கக் கூடாது.

நாமக்கல்லில் எனக்கு லாரி பாடி கட்டும் பட்டறை இருக்கிறது. மச்சானின் பிரசார வேன் அங்கேதான் தயாராகும். அவர் கட்சி தேர்தலுக்குத் தேர்தல் கூட்டணி மாறும். வேனுக்கும் பெயிண்ட் மாறும். சுரண்டிப் பார்த்தால் மச்சானின் அரசியல் வரலாறு மொத்தமும் அடுக்கடுக்காக வரும். வேனுக்கு மாற்றினால் போதுமா, அவர் வாய்க்கு யார் மாற்றுவது? மூன்றாவது தேர்தலில் மேடை ஏறியவர், போன தேர்தலின் கூட்டணித் தலைவரைக் கால்மணி நேரம் புகழ்ந்து தள்ளிவிட்டார். புதுக் கூட்டணித் தலைவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார். அப்படியும் மச்சான் ஜெயித்தார். ஜனங்கள் நல்லவர்கள்.

எனக்குக் கிடைத்த சின்னங்களையும் சொல்லிவிடுகிறேன். பச்சை மிளகாய், நகவெட்டி, ஸ்டூல், கடைசியாக வெண்டைக்காய். மற்ற ஊர்களில் கண் தெரியாமல் அமுக்கியவர்கள் புண்ணியத்தில் கொஞ்சம் ஓட்டு விழும். சொந்த பூத்தில் முதல் மூன்று தடவையும் சைபர். விதிப்படி அதுதான் சரி. ஆனாலும் டீக்கடையில், "ஏனுங்க, உங்கூட்டு அம்மிணிகூடவா போடுலீங்?" என்று கேட்கும்போது, சிரித்துக்கொண்டே டீயை வைத்துவிட்டு வந்துவிடுவேன். வலிக்காதா என்ன?

நான்காவது தேர்தலில் மச்சான் தோற்றார். அதுகூடப் பரவாயில்லை. சொந்த பூத்தில் ஒரே ஒரு ஓட்டில் எதிராளி முந்திவிட்டான். அதே பூத்தில் வெண்டைக்காய்க்கு ஒரு ஓட்டு. அது மட்டும் மச்சானுக்கு விழுந்திருந்தால் சமமாகியிருக்கும். சொந்த பூத்தில் மைனஸ் ஆனவர்களுக்கு அடுத்த தடவை சீட் கிடையாது என்பது அவர் கட்சியில் எழுதாத சட்டம். விளக்கம் கேட்டுத் தலைமையிலிருந்து கடுதாசியும் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான் வீட்டு வாசலில் விசாரணை. மச்சான், அவர் மனைவி, என் மனைவி, நான். என்னைத் தவிர யாரைச் சந்தேகிப்பார்கள்?

"வெண்டைக்காய்க்குப் போட்டது ஆரு?" என்றாள் என் மனைவி.

"எனக்கென்ன தெரியும்? நான் மச்சானுக்குத்தான் போட்டேன்."

"அப்பறம் அது என்ன, தானா காச்சுதா?"

மச்சானின் மனைவி நிதானமானவர். எனக்கு அக்கா முறை. "தம்பி, கோவிச்சுக்காதீங்க. சூடத்த அடிச்சு ஒரு சத்தியம் பண்ணிப் போடுங்க. மனசு தெளிஞ்சுரும்" என்றார். எங்கள் பக்கத்தில் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அதற்குமேல் அப்பீல் கிடையாது. பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது. என் மனைவி சாமி ரூமுக்குப் போய்ச் சூடம் கொண்டுவந்து கல்மேல் வைத்துப் பற்ற வைத்தாள். நானும் சட்டைக் கையை மடித்தேன். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்.

கையை ஓங்கினேன். மச்சான் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, சித்த இங்க வா."

கோழிக் கொட்டாய்க்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். உள்ளே ஆயிரக்கணக்கில் கோழிகள் கத்திக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தை நம்பித்தான் பேசினார்.

"அடுத்தது என்னையத்தான் சூடத்த அடிக்கச் சொல்லுவாங்க. என்னால முடியாது மாப்ள. அந்த ஓட்டு நான் போட்டது."

"மச்சான், உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குதுங்களா?"

"டீக்கடையில உன்னையக் கிண்டல் பண்றத ஒருக்கா வண்டியில இருந்து கேட்டேன். மெசின்ல பாத்தா வெண்டைக்கா கடைசியில ஒத்தையாக் கெடக்குது. மனசு கேக்குல. ஒத்த ஓட்டுல என்ன கொறஞ்சு போகுதுன்னு அமுக்கிப் போட்டேன்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "தலைமைக்கு இத எப்படி எழுதறது? சின்னப் புள்ளைகூடச் சிரிக்குமே."

நாடாளுமன்றத்தில் பத்து வருஷம் உட்கார்ந்த மனுஷன் கோழி எருவை மிதித்துக்கொண்டு என் முன்னால் கையைப் பிசைகிறார். இந்த மனுஷனை நான் என்ன செய்வது?

வாசலுக்குத் திரும்பி வந்தேன். சூடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கமே போகாமல், "நாந்தான் போட்டுக்கிட்டேன். ஆச உடுல" என்றேன். சூடத்தை அடிக்காமல் சொன்ன பொய்க்குப் பாவம் பாதிதான் என்று அன்றைக்கு நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்.

குடும்பத்துக்குள்ளேயே ஒருவன் செய்த துரோகம் என்று தலைமைக்கு விளக்கம் போனது. தலைமைக்கே கண் கலங்கிவிட்டதாகக் கேள்வி. அடுத்த தடவையும் சீட் மச்சானுக்குத்தான், ஜெயித்தும் விட்டார். டம்மியாக அவருடைய டிரைவரை நிறுத்தினார்கள். என் மனைவி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. கோழிக் கொட்டாய்க்குப் பின்னால் நடந்தது அவளுக்கு இன்றுவரை தெரியாது. டீக்கடையில், "உங்களுக்கு நீங்களே போட்டுக்கிட்டீங்களாமா?" என்று கேட்கிறார்கள். ஆமாங்க என்று சொல்லிவிட்டு, இப்போதெல்லாம் டீயை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். சொந்த பூத்தில் எனக்கு விழுந்தது ஒரு ஓட்டுதான். அதைப் போட்டவர் என்னை எதிர்த்து நின்றவர்.